திசை மாறிய விமானத்தில் பணிப்பெண்கள்

தாம்பரத்திலிருந்து மின்சார இரயிலில் சென்னைக்குச் செல்லும்போது, பல்லாவரம் தாண்டியதும் நம் கண்கள் தாமாகவே சன்னல் பக்கம் திரும்பும். திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். அங்கே வந்திறங்கும் விமானங்கள் யாவும் சென்னைக்கென்று புறப்பட்டவை அல்ல. 2025 ஆகஸ்ட் 10 அன்று, திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் ஒன்று, தொழில்நுட்பக் கோளாறு இருக்கலாம் என்ற ஐயத்தாலும் வானிலையாலும் சென்னைக்குத் திருப்பப்பட்டது. நெடுநேரம் வானில் வட்டமிட்டது. ஒருமுறை தரையிறங்க வந்து மீண்டும் மேலெழும்பியது. பிறகு இரவு 10.30 மணியளவில் நலமாக இறங்கியது. 5 நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதில் இருந்ததால் செய்தி நாடெங்கும் பரவியது.

இத்தகைய வேளைகளில் விமானியைப் பற்றியே எல்லோரும் பேசுவர். பணிப்பெண்கள் என்ன செய்கிறார்கள்? தேநீர் கொடுப்பதே அவர்கள் வேலை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். 1930-இல் அமெரிக்காவில் முதல் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்த எல்லன் சர்ச் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் என்பதை நினைத்தாலே அந்த எண்ணம் மாறிவிடும். (இன்று ஆண்களும் இப்பணியில் இருக்கிறார்கள்.)

கோளாறு தெரிந்ததும் விமானி மூத்த பணிப்பெண்ணை அழைத்து நான்கு செய்திகளைச் சொல்வார்: என்ன கோளாறு, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன. அவர் அவற்றை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போலத்தான்! ஒரு சொல் தவறாகக் கேட்டிருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு வேலை விரைந்து நடக்கும். உணவு வண்டிகளை உள்ளே வைத்துப் பூட்டுவர். இருக்கைகளை நிமிர்த்தி, வார்களைச் சரிபார்த்து, நடைபாதையில் கிடக்கும் பைகளை அகற்றுவர். இரவில் விளக்குகளை மங்கவைப்பதும் உண்டு. பயணிகளை அச்சுறுத்துவதற்கன்று, ஒருவேளை இருட்டில் வெளியேற நேர்ந்தால் கண்கள் அதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும் என்பதற்காக.

விமானம் ஏன் உடனே இறங்காமல் சுற்றுகிறது என்று பயணிகள் கேட்பார்கள். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு 141 பேருடன் கிளம்பிய விமானம் இரண்டு மணி நேரத்திற்கும் மேல் சுற்றியதற்குக் காரணம் எரிபொருளே. நிறைந்த எரிபொருளின் எடையோடு இறங்குவது கடினம். எரித்துக் குறைத்த பின்பே இறங்கினார்கள். இதனைப் பதறாமல் எடுத்துச் சொல்வதும், அழும் குழந்தையின் தாயருகே சற்று நிற்பதும் பணிப்பெண்ணின் பொறுப்பு. பயணிகள் அறிவிப்பைவிட அவள் முகத்தையே அதிகம் பார்க்கிறார்கள்.

தரையிறங்கும் கடைசி நிமிடத்தில் அவள் தன் இருக்கையில் வாரை மாட்டிக்கொண்டு பேசாமல் இருப்பாள். பிரார்த்தனை செய்வதாக நமக்குத் தோன்றும். செய்யலாம். ஆனால் அப்போது மனத்திற்குள் ஒரு பாடம் ஓடிக்கொண்டிருக்கும்: என் கதவு எது, எப்படித் திறப்பது, வெளியே தீ இருந்தால் எந்தப் பக்கம் அனுப்புவது? பாதிக் கதவுகள் மட்டுமே திறந்தாலும் 90 விநாடிகளில் அனைவரும் வெளியேற முடியும் என்று காட்டிய பின்னரே ஒரு விமான வகைக்கு அனுமதி கிடைக்கிறது. அந்த 90 விநாடிகளுக்கான பயிற்சி அவளுக்கு உண்டு.

சக்கரங்கள் தரையைத் தொட்டதும் பயணிகள் கைதட்டுவார்கள். அதன்பின் "டெல்லிக்கு எப்போது?" என்ற கோபக் குரல்கள் எழும். அதற்கும் அவளே முதலில் பதில் சொல்ல வேண்டும்.