காரில் ராத்திரி தூங்கினால்தான் இடம்... டைகர் உட்ஸ் ஜெயித்த மைதானத்தில் பொதுமக்களும் ஆடலாம்! எப்படி?

கோல்ஃப் என்றாலே காசு இருப்பவர்கள் விளையாட்டு, கிளப்பில் மெம்பராக இருந்தால்தான் கேட்டுக்குள்ளேயே விடுவார்கள் என்பதுதான் பலரின் நினைப்பு. அமெரிக்காவின் பெரிய போட்டியான யு.எஸ். ஓபனும் நீண்ட காலம் தனியார் கிளப்புகளிலும் காஸ்ட்லியான ரிசார்ட்டுகளிலும்தான் நடந்து வந்தது.

அந்த வழக்கத்தை உடைத்த மைதானம் நியூயார்க் மாகாணத்தின் லாங் ஐலண்டில், ஃபார்மிங்டேல் பகுதியில் இருக்கிறது. பெயர் பெத்பேஜ் பிளாக். மாகாண அரசுக்குச் சொந்தமான பூங்காவில் இருக்கும் இந்த மைதானத்தில் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஆடலாம். ஆனால் இடம் கிடைப்பதும் லேசு இல்லை, ஆடி முடிப்பதும் லேசு இல்லை. ஏன் என்று பார்க்கலாம்.

அரசு ஏன் கோல்ஃப் மைதானம் கட்டியது?

1930-களில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் புரட்டிப் போட்டது. வேலை இல்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசு பல கட்டுமானங்களைத் தொடங்கியது. அப்போது லாங் ஐலண்டின் பூங்காக்களைக் கவனித்து வந்தவர் ராபர்ட் மோசஸ். லெனாக்ஸ் ஹில்ஸ் என்ற தனியார் கிளப் இருந்த நிலத்தை அரசு வாங்கி, நிவாரண வேலைத் திட்டத் தொழிலாளர்களை வைத்துப் புது மைதானங்களை உருவாக்கியது.

பிரபல வடிவமைப்பாளர் ஏ.டபிள்யூ. டில்லிங்ஹாஸ்ட்டின் பெயரைச் சுமக்கும் பிளாக் மைதானம் 1936-ல் திறக்கப்பட்டது. இப்போது பெத்பேஜில் மொத்தம் ஐந்து மைதானங்கள். பிளாக், ரெட், ப்ளூ, கிரீன், யெல்லோ என்று எல்லாவற்றுக்கும் நிறத்தின் பெயர்தான். ஐந்தில் ரொம்பக் கஷ்டமானது பிளாக்.

2002-ல் என்ன நடந்தது?

காலப்போக்கில் பராமரிப்பு குறைந்து மைதானம் களையிழந்தது. 1990-களில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் இதைத் தேர்ந்தெடுத்து, வடிவமைப்பாளர் ரீஸ் ஜோன்ஸ் மூலம் புதுப்பித்தது. இந்த வேலைக்கு அவர் சம்பளம் வாங்கவில்லை.

2002-ல் இங்கே யு.எஸ். ஓபன் நடந்தது. அரசே சொந்தமாக வைத்து நடத்தும் மைதானத்தில் அந்தப் போட்டி நடந்தது அதுதான் முதல் முறை. ஜெயித்தவர் டைகர் உட்ஸ். நான்கு நாள் முடிவில் பாருக்குக் கீழே ஸ்கோர் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். 2009-ல் மீண்டும் யு.எஸ். ஓபன், ஜெயித்தது லூகஸ் குளோவர். 2019-ல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், ஜெயித்தது ப்ரூக்ஸ் கெப்கா.

பெத்பேஜ் போட்ட பாதையில் சான் டியாகோ நகராட்சியின் டோரி பைன்ஸ், வாஷிங்டன் மாகாணத்தின் சேம்பர்ஸ் பே போன்ற அரசு மைதானங்களுக்கும் பிறகு யு.எஸ். ஓபன் போனது.

இடம் பிடிப்பது எப்படி?

இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, முன்பதிவு. நியூயார்க் மாகாணத்தில் குடியிருப்பவர்களுக்கு முன்பதிவு முதலில் திறக்கும். வெளியூர்க்காரர்களுக்கு அதற்குப் பிறகுதான். திறந்த சில நிமிடங்களிலேயே நல்ல நேரமெல்லாம் காலியாகிவிடும்.

இரண்டாவது வழிதான் உலகப் புகழ் பெற்றது. நேரில் வருபவர்களுக்கென்று காலையில் சில இடங்கள் ஒதுக்கி வைக்கப்படும். அதற்காகப் பார்க்கிங்கில் நம்பர் போட்ட இடங்கள் இருக்கின்றன. முந்தைய நாளே வந்து காரை அந்த நம்பரில் நிறுத்திவிட்டு, ராத்திரி காரிலேயே தூங்க வேண்டும். விடிவதற்கு முன் ஊழியர் வந்து வரிசைப்படி டோக்கன் கொடுப்பார். வந்தவர் வக்கீலா, பிளம்பரா என்பதை யாரும் பார்ப்பதில்லை. யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்குத்தான் இடம்.

தனியாக வந்தாலும் கவலை இல்லை. ஆள் குறைவாக இருக்கும் குழுவோடு சேர்த்துவிடுவார்கள். ஒரு குழுவில் அதிகபட்சம் நான்கு பேர். திங்கட்கிழமை பராமரிப்பு நாள் என்பதால் பிளாக் மைதானத்துக்குப் பொதுவாக லீவு.

செலவு எவ்வளவு?

மாகாணத்தில் குடியிருப்பவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஒரு ரவுண்டு 100 டாலருக்குள்தான். வெளியாட்களுக்குக் குறைந்தது இரண்டு மடங்கு. இதோடு ஒப்பிட, யு.எஸ். ஓபன் நடக்கும் இன்னொரு மைதானமான கலிபோர்னியாவின் பெபிள் பீச்சிலும் பொதுமக்கள் ஆடலாம். ஆனால் அது தனியார் ரிசார்ட். அங்கே ஒரு ரவுண்டுக்கு 600 டாலருக்கு மேல்.

ஆடுவது அவ்வளவு கஷ்டமா?

ஒரு ரவுண்டு என்றால் 18 குழிகள். ஒவ்வொன்றிலும் 'டீ' என்ற இடத்தில் தொடங்கி, 'கிரீன்' என்ற மழமழப்பான புல்தரையில் இருக்கும் குழிக்குள் பந்தைப் போட வேண்டும். எத்தனை அடியில் போட வேண்டும் என்ற கணக்குக்குப் பெயர்தான் 'பார்'. போட்டிகளின்போது பிளாக் மைதானத்தின் பார் 70. சுமாராக ஆடுபவர்கள் இங்கே 100 அடியைத் தாண்டுவது சகஜம்.

முதல் டீயிலேயே ஓர் எச்சரிக்கைப் பலகை தொங்கும். இது மிகவும் கடினமான மைதானம், நல்ல திறமை உள்ளவர்கள் மட்டும் ஆடுவது நல்லது என்று அது சொல்கிறது. பலகை பொய் சொல்லவில்லை. 2019 போட்டியில் மைதானத்தின் நீளம் 7,459 யார்டு, அதாவது 6.8 கிலோமீட்டர். பாதையின் இரு பக்கமும் அடர்ந்த புல், ஆளை விழுங்குகிற மாதிரி மணல் பள்ளங்கள். 15-வது குழியின் கிரீன் மேட்டின் உச்சியில் இருக்கும்.

இதில் இன்னொரு சோதனை, பிளாக் மைதானத்தில் கோல்ஃப் வண்டிக்கு அனுமதி கிடையாது. மேடு பள்ளம் எல்லாம் நடந்துதான் ஏறி இறங்க வேண்டும். ஒரு ரவுண்டு முடிய ஐந்து மணி நேரம் ஆகலாம்.

முதல் முறை போகிறவர்கள் கவனிக்க...

* முன்னால் இருக்கும் டீயில் இருந்து ஆடலாம். தூரம் கணிசமாகக் குறையும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.
* பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது.
* தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். அதற்கு மேல் தேடினால் பின்னால் வரும் குழு காத்துக்கிடக்கும்.
* மணல் பள்ளத்தில் அடித்தால் கால்தடத்தைச் சீப்புக்கட்டையால் சமன் செய்துவிட்டு வர வேண்டும்.
* பந்து யார் பக்கமாவது பறந்தால் 'ஃபோர்' என்று சத்தமாகக் கத்த வேண்டும்.
* இப்போதுதான் கற்றுக்கொள்பவர்கள், பக்கத்திலேயே இருக்கும் மற்ற நான்கு மைதானங்களில் ஒன்றில் ஆடிப் பழகலாம்.

பொதுச் சொத்து யாருக்கு?

2025 செப்டம்பரில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கோப்பை இங்கே நடந்தது. ஐரோப்பா 15-13 என ஜெயித்தது. ஆனால் போட்டிக்கு முன்பே பெரிய பேச்சானது டிக்கெட் விலைதான். போட்டி நாளில் ஒரு ஆள் உள்ளே போக சுமார் 750 டாலர். அதே மண்ணில் பல ரவுண்டு ஆட உள்ளூர்க்காரர் கட்டும் காசு அது. வேடிக்கை பார்க்கவே அவ்வளவு என்றால், இது மக்களின் மைதானம்தானா என்று ரசிகர்கள் கேட்டார்கள்.

பெரிய போட்டிகள் மைதானத்துக்குப் பெயரும் பராமரிப்பும் கொண்டு வருகின்றன என்பதும் உண்மை. 2002 போட்டி வராமல் இருந்திருந்தால் பிளாக் மைதானம் இந்த நிலைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதனால் கூட்டமும் கேமராவும் கிளம்பிய பிறகு கட்டணம் உள்ளூர்க்காரருக்குக் கட்டுப்படியாகிறதா, பார்க்கிங்கில் அந்த நம்பர் போட்ட இடங்கள் அப்படியே இருக்கின்றனவா என்பதைத்தான் லாங் ஐலண்ட்காரர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.