வாடகை மகிழுந்துச் சேதக் கட்டணம்

வாடகை மகிழுந்துச் சேதக் கட்டணம் என்பது, ஓட்டுநரின்றி வாடகைக்கு எடுத்த மகிழுந்தைத் திருப்பி ஒப்படைத்த பின்னர், கீறல், நசுங்கல் போன்றவற்றுக்காக நிறுவனம் கோரும் தொகையாகும். பெரும்பாலும் இது முன்பணத்திலிருந்தே பிடித்துக்கொள்ளப்படுவதால், பணத்தை மீட்கும் சுமை வாடிக்கையாளர் மீது விழுகிறது.

சட்ட நிலை

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 151, 152ஆம் பிரிவுகளின்படி, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போல் கவனமாகக் காத்தவர், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அதன் சேதத்துக்குப் பொறுப்பாகார். எனவே கையெழுத்திடுமுன் உடன்படிக்கையைப் படிப்பது இன்றியமையாதது. அதில் தண்டத்தொகை குறிக்கப்பட்டிருந்தாலும், அதற்கு மிகாத நியாயமான இழப்பீட்டையே 74ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

சான்றுகள்

கல்வராயன் மலையிலுள்ள கரியாலூர் போன்ற ஊர்களுக்குச் சென்று திரும்பிய வண்டியின் அடிப்பகுதியில் கீறல் இருந்தால், அது இப்பயணத்தில் நேர்ந்ததா, முன்பே இருந்ததா என்பதே தகராறின் மையமாகும். இதனால் வண்டியை எடுக்கும்போதும் ஒப்படைக்கும்போதும் நான்கு பக்கங்கள், சக்கரங்கள், கண்ணாடிகள், அடிப்பகுதி, ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றைத் தேதி, நேரத்துடன் படம்பிடித்து வைப்பது நல்லது. பழைய சேதங்களை ஒப்படைப்புப் படிவத்திலும் குறிக்கச் செய்ய வேண்டும்.

முறையீடு

முதலில் சேதத்தின் படங்களையும் பழுதுபார்த்த ரசீதையும் கேட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, வண்டி எடுத்த ஊர் எதுவாயினும், வாடிக்கையாளர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய வாடகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.