மடிக்கணினி: நினைவகம் கூட்டுவதா, புதியது வாங்குவதா?

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் மடிக்கணினி இன்றியமையாத கருவியாகிவிட்டது. அலுவலும், பிள்ளைகளின் பாடமும், ஊரிலுள்ள பெற்றோருடன் முகம் பார்த்துப் பேசுவதும் அதனாலேயே நடைபெறுகின்றன. அஃது ஆமைபோல் நகரத் தொடங்கினால், நினைவகத்தை மட்டும் கூட்டுவதா, பெரும்பொருள் செலவிட்டுப் புதியது வாங்குவதா என்னும் கேள்வி எழுகிறது.

குறை எங்கே உள்ளது என்று அறிந்த பின்னரே பணப்பையைத் திறத்தல் நன்று. கல்யாணச் சமையலை எண்ணிப் பாருங்கள். செயலியே சமையற்காரர், நினைவகம் அவர் முன்னுள்ள மேடை, சேமிப்பு வட்டு உக்கிராண அறை. மேடை சிறிதாயின், சமையற்காரர் எத்துணை வல்லவராயினும் ஒவ்வொரு பொருளுக்கும் உக்கிராண அறைக்கு நடந்தே களைத்துப் போவார். மேடையை அகலப்படுத்தினால் வேலை விரையும். ஆனால் சமையற்காரரே தளர்ந்திருந்தால் மேடையை அகலப்படுத்தி யாது பயன்?

இதனை அறிய வழி எளிது. அன்றாட வேலைகள் யாவும் திறந்திருக்கையில், விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். தோன்றும் பட்டியலில் 'மெமரி' 90 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்து நின்றால், 4 ஜிபியை 8 அல்லது 16 ஆக உயர்த்துதல் பயன் தரும். 'சிபியு' ஓயாது 100-ஐ ஒட்டி நின்றால் குறை செயலியினுடையது. மெமரியில் இடமிருந்தும் 'டிஸ்க்' 100-இலேயே நின்றால், சுழலும் பழைய வட்டை நீக்கி எஸ்எஸ்டி பொருத்துவதே முதல் மருந்து.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் மாற்ற இயலாது. மாற்றக்கூடியதாயினும், டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்னும் வகைகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தா. மேலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கோ ஏற்புடைய செயலியும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். இவையில்லாத கணினியில் நினைவகத்தை எவ்வளவு கூட்டினும் அத்தகுதி வாராது.

ஆகவே டில்லி நேரு பிளேஸுக்கோ, மும்பை லாமிங்டன் சாலைக்கோ, பெங்களூரு எஸ்.பி. சாலைக்கோ செல்லுமுன் அம்மூன்று எண்களையும் குறித்து எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் வேற்றுமொழியில் விரைந்து பேசினும், உங்கள் தேவை இன்னதென்பதை அவ்வெண்கள் எம்மொழியிலும் எடுத்துரைக்கும்.