எண்ணெயைத் தின்றது யார்?

1979 ஆகஸ்ட் 20. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பெமிஜி நகருக்கு அருகே கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று உடைந்தது. கொட்டியது சுமார் 17 லட்சம் லிட்டர். அள்ளியதும் எரித்ததும் போக, ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது.

மணல் பூமி என்பதால் எண்ணெய் விறுவிறுவென்று இறங்கியது. தண்ணீரைவிட இலேசானது, நிலத்தடி நீர்மட்டத்தை எட்டியதும் அதன்மேல் தேங்கியது. உண்மையான தொல்லை அங்கேதான் ஆரம்பம். எண்ணெயிலுள்ள பென்சீன் நீரில் சிறிது கரையும். கரைந்தது நீரோட்டத்தோடு நகரும்.

ஆனால் நீர் போன தூரத்துக்குப் பென்சீன் போகவில்லை. மணல் பிடித்து வைத்துக்கொண்டதா? அந்த மணலில் மட்கு குறைவு, ஒட்டியது சொற்பம். தின்று தீர்த்தவை நுண்ணுயிர்கள். ஆக்சிஜன் கிடைத்த விளிம்புகளில் வேகமாகச் சிதைத்தன. அது தீர்ந்த இடத்தில், மணல்துகள்மேல் படிந்திருந்த துருவை, அதாவது இரும்பு ஆக்சைடை, ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பயன்படுத்தின. என்னைக் கேட்டால், முழுக்கதையிலும் வியப்பான கட்டம் இதுதான். இரும்பும் குறைந்த இடங்களில் மீத்தேன் கிளம்பியது.

1983 முதல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தொடர்ந்து கவனித்துவருகிறது. 1999-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் எண்ணெயை இறைத்தும் பார்த்தார்கள். மணல் இடுக்குகளில் சிக்கியது முழுதும் வரவில்லை.

அப்படியானால் நுண்ணுயிர்களிடமே விட்டுவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல். இரும்பு ஆக்சைடு கரையும்போது, அதில் இயற்கையாகவே ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீரில் கலக்கிறது. எனவே இப்போது பென்சீனோடு ஆர்சனிக்கையும் அளக்கிறார்கள்.