பவளத் தொட்டிக்கு ஏற்ற குழல் விளக்குகள்

கண்ணாடித் தொட்டியொன்றில் கடல்நீரை நிரப்பி, அதில் உயிருள்ள பவளங்களை வளர்க்கும் வழக்கம் ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளில் சென்ற நூற்றாண்டின் இறுதியிலிருந்து பெரிதும் பரவியுள்ளது. நீரின் உப்புச்செறிவும் உஷ்ணமும் தூய்மையும் இத்தொட்டிக்கு இன்றியமையாதவை. ஆயினும், இவை யாவும் சரியாக அமைந்த தொட்டியிலும் பவளங்கள் வெளிறி மடிவதுண்டு. பெரும்பாலும் இதன் காரணம் ஒளியே ஆகும். ஒளி குறைந்தால் பவளம் பட்டினி கிடக்கும். திடீரென மிகுந்தால் வெந்துபோனது போல் வெளிறும். எனவே, தொட்டியின் மேல் எந்த விளக்குகளைச் சேர்த்துப் பொருத்துவது என்பது அழகைப் பற்றிய வினாவன்று. ஓர் உயிரின் உணவைப் பற்றிய வினாவாகும்.

பவளத்துக்கு ஒளி எதற்கு?

பவளப் பூச்சி ஒரு பிராணியே. ஆனால் அதன் திசுக்களினுள் ‘சூசாந்தெல்லே’ எனப்படும் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. இப்பாசிகள் ஒளியின் உதவியால் தயாரிக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்தைச் சென்றடைகிறது. பவளமோ பாசிக்கு இருப்பிடமும், தன் கழிவிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துக்களும் அளிக்கிறது.

1928-29-இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுக்குச் சென்ற பிரிட்டிஷ் ஆய்வுக் குழுவின் தலைவர் யங், பவளங்களை இருளில் வைத்துச் சோதித்தபோது அவை தம் பாசிகளை இழந்து வெளிறின. பின்னர், 1950-களில் ஜமைக்காவில் ஆராய்ச்சி செய்த கோரோ, கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு அளந்து, பவளம் தன் சுண்ணாம்பு எலும்புக்கூட்டை இருளில் கட்டுவதைவிட ஒளியில் மிக விரைவாகக் கட்டுகிறது என்று காட்டினார். உணவு, வளர்ச்சி ஆகிய இரண்டுக்கும் ஒளியே ஆதாரம் என்பது இவற்றால் விளங்கும்.

கடல் வடிகட்டித் தரும் ஒளி

சூரிய ஒளி கடலில் இறங்கும்போது அதன் நிறங்கள் ஒரே அளவில் குறைவதில்லை. சிவப்புக் கதிர்களின் பெரும்பகுதியை மேற்பரப்பிலிருந்து சில மீட்டர் ஆழத்துக்குள்ளாகவே நீர் உறிஞ்சிவிடுகிறது. தெளிந்த கடல்நீரில் நீலக் கதிர்களே மிக ஆழம் வரை செல்கின்றன. பவளத்தின் பாசியும் இந்த நீல உலகத்துக்கு ஏற்பவே அமைந்துள்ளது. அதிலுள்ள ‘ஏ’, ‘சி’ வகைப் பச்சையங்கள் 430 முதல் 460 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீலக் கதிர்களை மிகுதியாக ஏற்கின்றன. ‘பெரிடினின்’ என்னும் நிறமி நீலப்பச்சைக் கதிர்களையும் பயன்படுத்திக் கொள்கிறது.

கண் தரும் தவறான தீர்ப்பு

மனிதக் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள்பச்சை ஒளியையே மிகப் பிரகாசமாக உணர்கிறது. ஊதா ஒளியை மங்கலாகவே காண்கிறது. ‘லக்ஸ்’ என்னும் அளவும் கண்ணின் இவ்வியல்பை ஒட்டியே வகுக்கப்பட்டதாகும். எனவே, அறைக்குப் போடும் வெண்ணிறக் குழல் விளக்கு தொட்டியில் கண்ணைப் பறிக்கும். 420 நானோமீட்டர் ஊதாக் குழலோ எரிந்தும் எரியாதது போலத் தோன்றும். பவளத்தின் தேவையை நோக்கினால் இத்தீர்ப்பு தலைகீழாக மாறக்கூடும்.

வாட் என்பது விளக்கு செலவழிக்கும் மின்சாரத்தை மட்டுமே கூறும். கெல்வின் எண் ஒளியின் தோற்றத்தைக் கூறுமேயன்றி, அதில் எந்த அலைநீளம் எவ்வளவு உண்டு என்பதைக் கூறாது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களில் எத்தனை ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடிக்கு விழுகின்றன என்பதே தக்க அளவாகும். இது மைக்ரோமோல் கணக்கில் குறிக்கப்படும். உச்சிவெயில் ஏறத்தாழ 2,000 மைக்ரோமோல் ஆகும்.

குழலின் அமைப்பு

குழல் விளக்கினுள் மிகச் சிறிதளவு பாதரச ஆவி உள்ளது. மின்சாரம் பாயும்போது அது 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களை வெளியிடும். குழலின் உட்சுவரில் பூசப்பட்டுள்ள ஒளிர்பொடி அக்கதிர்களை ஏற்று, கட்புலனாகும் ஒளியாக மாற்றித் தருகிறது. பொடியின் கலவையை மாற்றினால் ஒளியின் நிறமும் மாறும். வெவ்வேறு குழல்களைச் சேர்த்து வேண்டிய நிறமாலையைப் பெறமுடிவது இதனாலேயே.

பவளத் தொட்டிக்கு மூவகைக் குழல்கள் முக்கியமானவை. முதலாவது, 450 முதல் 460 நானோமீட்டர் அளவில் உச்சம் கொண்ட நீலக் குழல். இதுவே பாசியின் முதன்மை உணவு. இரண்டாவது, 420 நானோமீட்டர் அளவில் உச்சம் கொண்ட ‘ஆக்டினிக்’ எனும் ஊதாக் குழல். இது பச்சையத்துக்கு உதவுவதோடு, பவளத் திசுவிலுள்ள ஒளிர்புரதங்களைத் தூண்டிப் பச்சை, செம்மஞ்சள் நிறங்களை மிளிரச் செய்யும். மூன்றாவது, 10,000 கெல்வின் அளவிலான வெண்குழல். இது நிறமாலையின் மற்றப் பகுதிகளை நிரப்பி, தொட்டியை இயல்பான தோற்றத்தில் காட்டும்.

நான்கு குழல்களின் சேர்க்கை

மூன்றடி நீளத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு 5/8 அங்குல விட்டமும் 849 மில்லிமீட்டர் நீளமும் உடைய 39 வாட் ‘டி5’ குழல்கள் நான்கு பொருந்தும். இவற்றுள் இரண்டு நீலம், ஒன்று ஊதா, ஒன்று வெண்மை என அமைப்பது நல்ல தொடக்கமாகும். நான்கும் வெண்மையாயின், செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி பவளத்துக்கன்றிப் பார்ப்பவர் கண்ணுக்கே பயன்படும். நான்கும் ஊதாவாயின் தொட்டி இருண்டு தோன்றும். மொத்த ஒளியும் குறையும். ஆறு குழல்கள் இருப்பின், மூன்று அல்லது நான்கு நீலமாக இருக்கலாம்.

ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனிப் பிரதிபலிப்புத் தகடு வேண்டும். இல்லையேல், மேல்நோக்கிச் செல்லும் ஒளி வீணாகும். ‘டி5’ குழல் தன்னைச் சுற்றியுள்ள காற்று 35 டிகிரி செல்சியஸ் இருக்கையில் மிகுந்த ஒளி தரும். மூடிய பெட்டியில் உஷ்ணம் இதனினும் ஏறினால் ஒளி குறையும். ஆதலால் சிறு விசிறி ஒன்று பொருத்துதல் நலம். உப்புநீர் தெறிக்கும் இடமாதலின், குழல்களுக்குக் கீழே கண்ணாடித் தடுப்பும், மின் இணைப்பில் எர்த்தும் கட்டாயம் தேவை.

குழல்களை இரு சுவிட்சுகளில் பிரித்து இணைப்பது வழக்கம். காலையில் நீலமும் ஊதாவும் முதலில் எரியும். பின்னர் வெண்குழல் சேரும். மாலையில் வெண்குழல் முதலில் அணையும். இவ்வாறு பத்து மணி நேர ஒளியும், அதன்பின் முழு இருளும் அளித்தால் போதும்.

மாற்றுவதில் நிதானம்

பவளங்களின் தேவை ஒரே தன்மையதன்று. மென்பவளங்களுக்கு 50 முதல் 150 மைக்ரோமோல் வரை போதும். கிளைத்து வளரும் ‘அக்ரோபோரா’ போன்ற கல் பவளங்களுக்கு 200 முதல் 400 வரை தேவைப்படும். ஆகையால், முன்னவை தொட்டியின் அடியிலும் பின்னவை மேற்பகுதியிலும் வைக்கப்படுகின்றன.

குழல் எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் பொடி நலிந்து ஒளி குறைந்துவருகிறது. மெல்ல நிகழும் இம்மாறுதலைக் கண் உணர்வதில்லை. ஆகவே, 9 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை குழல்களை மாற்றுகின்றனர். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது ஆபத்தானது. மங்கிய ஒளிக்குப் பழகிய பாசி, திடீரென வரும் மிகுந்த ஒளியைப் பயன்படுத்த இயலாமல் நச்சுத்தன்மையுள்ள ஆக்ஸிஜன் சேர்மங்களை உண்டாக்குகிறது; பவளம் பாசியை வெளியேற்றி வெளிறுகிறது. வாரத்துக்கு ஒரு குழல் வீதம் மாற்றுவதும், விளக்கைச் சில அங்குலம் உயர்த்தி வைத்து இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகத் தாழ்த்துவதும் பாதுகாப்பான முறைகள். பவளம் பழுப்பேறினால் ஒளிக் குறைவையும், வெளிறினால் ஒளி மிகுதியையும் ஐயுற வேண்டும்.

நம் கடல்களும் சட்டமும்

தொட்டியில் நிகழும் இவ்வெளிறல் கடலிலும் நிகழ்கிறது. மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் ஆகிய இடங்களிலுள்ள பவளத்திட்டுகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில், கடல் உஷ்ணம் உயர்ந்தபோது பெருமளவு வெளிறின. உஷ்ணமும் கடும் ஒளியும் சேர்ந்து தாக்குவதே இதன் காரணம். இந்தியாவில் கல் பவளங்கள் யாவும் 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். எனவே மேற்கூறிய விளக்கு முறைகளை அறிந்தோர், அவற்றைச் சாக்காகக் கொண்டு நம் திட்டுகளிலிருந்து பவளத்தைப் பெயர்க்கலாகாது.

குழல் விளக்கின் எதிர்காலம்

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், பொது ஒளியூட்டலுக்கான குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் படிப்படியாக நிறுத்துவதென 2023-இல் தீர்மானித்தன. பவளத் தொட்டிகளிலும் எல்.இ.டி. விளக்குகளே இப்போது பெரும்பாலும் இடம்பெறுகின்றன. பழைய குழல்களை உடைத்துக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

விளக்கு மாறினாலும் விதி மாறவில்லை. எல்.இ.டி.யிலும் நீலம், ஊதா, வெண்மை ஆகியவற்றின் விகிதத்தையே வளர்ப்போர் சரிசெய்ய வேண்டியுள்ளது. ஒளியை மெல்ல மெல்லவே ஏற்ற வேண்டியுள்ளது. குழல் விளக்குகளைச் சேர்த்துப் பொருத்தியோர் கற்ற பாடம் இதுவே: விளக்கின் தகுதியைத் தீர்மானிக்கும் அளவுகோல் காண்பவரின் கண்ணன்று; நீருக்கடியில் வாழும் பாசியின் தேவையே.