ஆகாயத்தில் ஐம்பது நிமிடம், தரையில் எவ்வளவு?

புறக்கோட்டையில் எனக்கு இருபது வருடமாகக் கடனுக்குச் சரக்குத் தந்த ஹாஜியார் ஒருவர் இருந்தார். ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் மௌத்தான செய்தி வந்தது. அஸர் தொழுகையோடு நல்லடக்கம். விமானத்தில் போகலாமா என்று விசாரித்தேன்; அந்த நேரத்துக்குத் தோதாக எதுவும் இல்லை. காத்தான்குடியிலிருந்து வேன் பிடித்து ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது மையவாடியில் ஆட்கள் கலைந்து விட்டார்கள். கப்ரடியில் தனியே நின்று துஆச் செய்துவிட்டுத் திரும்பினேன்.

அதன் பிறகுதான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உங்களுக்கும் உதவும்.

வாவியோரம் திமிலைதீவில் இருக்கும் மட்டக்களப்பு விமான நிலையம் யுத்த காலத்தில் விமானப்படையிடம் இருந்தது. 2016 ஜூலையில் உள்நாட்டுச் சேவைக்காகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து இரத்மலானைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். மணிக்கு 300 கிலோமீற்றர் ஓடும் சிறு விமானத்துக்கு 44 நிமிடம். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஐம்பது. தரையிலோ பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை என்று சுற்றி 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். பஸ்ஸில் ஏழு எட்டு மணித்தியாலம்.

ஆனால் நாம் வியாபாரம் செய்வது இரத்மலானை ஓடுபாதையில் அல்ல, புறக்கோட்டையில். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு அரை மணி, முன்கூட்டியே போய்க் காத்திருக்க ஒரு மணி, பறக்க ஐம்பது நிமிடம், பொதியை எடுத்து வெளியே வர இருபது நிமிடம், காலி வீதி நெரிசலில் புறக்கோட்டைக்கு ஒரு மணி. கூட்டினால் மூன்று மணி நாற்பது நிமிடம்.

இரவு பஸ்ஸில் பத்து மணிக்கு ஏறுபவர் சுபஹோடு புறக்கோட்டையில் இறங்குகிறார். கடை திறக்கும் முன்பே அவர் அங்கே நிற்கிறார். வியாபார நேரத்தில் ஒரு நிமிடமும் அவருக்கு நட்டமில்லை. டிக்கட்டும் மலிவு. மேலும், வாங்கிய சரக்கு எப்படியும் லொறியில்தான் வரும். நாம் பறந்து வந்தோம் என்பதற்காக மூட்டைகள் முந்தி வரப்போவதில்லை.

அப்படியானால் விமானம் யாருக்கு? வைத்தியசாலை, வழக்கு, விசா, ஜனாஸா என்று நேரம் தவறக்கூடாத பயணத்துக்கு. அங்கே அந்த நான்கு மணித்தியால மிச்சத்துக்கு விலை பேச முடியாது.

சாதாரண வியாபாரிக்கும் அது பயன்பட வேண்டுமானால் காலையில் போய், வேலையை முடித்து, மாலையில் திரும்பி, இரவு வீட்டில் படுக்க முடிய வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நாள் தவறாத சேவை வேண்டும். நமது வர்த்தக சங்கங்கள் வேகமான விமானத்தைக் கேட்பதை விட இந்த நேரசூசியைக் கேட்பதே புத்தி.

220 கிலோமீற்றர் கூடவோ குறையவோ போவதில்லை. நமக்கு ஏற்ற நேரத்தில் அது புறப்படுகிறதா என்பதுதான் கேள்வி. ஹாஜியாரின் கப்ரடியில் நான் படித்த பாடம் அது.