கேட்டுக்கு வெளியே நிற்கும் கார்

கோவை மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கிறது கங்கா மருத்துவமனை. சாலையில் அடிபட்டு எலும்பு நொறுங்கியவர்களைக் கொங்கு வட்டாரம் முழுவதிலிருந்தும் இங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். அதன் எலும்பு அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். சாலை விபத்துகளைத் தடுக்கவும் அடிபட்டவர்களைக் காப்பாற்றவும் அரசுகள் உருப்படியாகச் செயல்பட வேண்டும் என்பது அதன் சாரம். 2014இல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு அமைந்ததும் அந்த வழக்கில்தான்.

அதே வழக்கில் 2025 மே 14 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. தடங்கலில்லாத நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது. ஆக்கிரமிப்புகளை அகற்றி, மாற்றுத்திறனாளிகளும் நடக்கும்படி அதை வைத்திருப்பது அரசின் கடமை. அடுத்து அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, கே.வி.விஸ்வநாதன் அமர்வு, பாதசாரிகளுக்கான விதிகளையும் சாலைகளுக்கான தர விதிகளையும் ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. 2023இல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த பாதசாரிகள் 35,221 பேர். சாலையில் உயிர்விட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர்.

இத்தனையும் நம் ஊர் மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கால் வந்தது. அதனாலேயே நம் ஊர்க் குடியிருப்புத் தெருக்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

அவிநாசி ரோட்டையும் கிராஸ்கட் ரோட்டையும் இங்கே விட்டுவிடுவோம். அங்கே போலீஸ் இருக்கிறது, கேமரா இருக்கிறது, பத்திரிகைகளும் எழுதுகின்றன. நான் சொல்வது டாடாபாத், ராம் நகர், சாயிபாபா காலனி, கணபதி, பீளமேடு பக்கத்து உள் தெருக்களை. இங்கே நடைபாதை என்று தனியாக ஒன்று பெரும்பாலும் கிடையாது. சாக்கடை மேல் போட்ட சிலாப்தான் நடைபாதை. அந்த சிலாப்பின் மேல் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் கேட்டிலிருந்து தெருவுக்கு ஒரு ராம்ப் இறக்கியிருக்கிறார். வீட்டுத் தரையை மழைத் தண்ணீருக்குப் பயந்து உயர்த்த உயர்த்த, ராம்பும் தெருவுக்குள் நீண்டுகொண்டே போகிறது. ஒரு ராம்புக்கும் அடுத்த ராம்புக்கும் நடுவில் மிஞ்சும் சிலாப்பின் மேல் இரண்டு சக்கரம், தார் ரோட்டில் இரண்டு சக்கரம் என்று சாய்வாக ஒரு கார். பாரம் தாங்காமல் பிளந்த சிலாப்பின் ஓட்டையில் யாரோ ஒரு மரக்கிளையைச் செருகி வைத்திருப்பார்கள், யாரும் காலை விட்டுவிடக் கூடாதே என்று.

காலை ஏழேமுக்கால் மணிக்கு இந்தத் தெருக்களில் நின்று பார்த்தால் நடப்பவர்கள் யார் என்று தெரியும். ஸ்கூல் வேனுக்குப் பேத்தியைக் கூட்டிப்போகும் பாட்டி. நாலு வீட்டு வேலைக்கு நடந்தே வரும் அம்மணிகள். குப்பை வண்டி தள்ளும் தூய்மைப் பணியாளர்கள். அந்தப் பாட்டி, சாய்ந்து நிற்கும் காரின் பின்பக்கம் வந்ததும் பேத்தியைத் தன் இடப்பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் இறங்குகிறார். இறங்குவதற்கு முன் எட்டிப் பார்க்க முடியாது, கார் மறைக்கிறது. எதிரே பைக்கில் வருபவருக்கும் அவர் தெரியமாட்டார். காரைத் தாண்டியதும் மறுபடி சிலாப்பில் ஏறுவதில்லை. முப்பதடி தள்ளி அடுத்த கார் நிற்கிறது, ஏறி என்ன பிரயோஜனம்? தெரு முனை வரைக்கும் நடுரோட்டிலேயே போகிறார். நடைபாதையில் ஒரு கார் நின்றால் அந்தக் கார் நிற்கும் இடம் மட்டும்தானே போகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தத் தெருவின் நடைபாதை முழுவதுமே உபயோகமில்லாமல் போகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சாதாரணக் கார் கண்ணாடியோடு சேர்த்து ஆறடி அகலம் வரும். இருபதடித் தெருவில் இரண்டு பக்கமும் கார் நின்றால் பன்னிரண்டு அடி போயிற்று. மிச்சம் எட்டடியில் ஒரு கார் ஊர்ந்து போகலாம். அந்த நேரத்தில் நடப்பவருக்கு இடமே இல்லை. 108 ஆம்புலன்ஸ் திணறும், தீயணைப்பு வண்டி திரும்பவே முடியாது. குடியிருப்புப் பகுதியில் நடைபாதை தடங்கலில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறடி அகலம் இருக்க வேண்டும் என்பது, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஒரு கார் பிடிக்கும் அதே ஆறடி.

சட்டத்துக்குக் குறைவில்லை. நடைபாதையில் வண்டி நிறுத்தக் கூடாது என்று 1989ஆம் ஆண்டு சாலை விதிகளே சொல்லிவிட்டன. அவற்றுக்குப் பதிலாக 2017இல் வந்த ஒழுங்குமுறையும் அதையே சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆவது பிரிவு, மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி வண்டியை விட்டுச் செல்வதைத் தடை செய்கிறது. 127ஆவது பிரிவு இன்னும் ஒருபடி மேல். பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியையும், தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்லவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி உத்தரவிடலாம். மாசக்கணக்கில் கவர் போட்டு, கவர் மேல் வேப்பஞ்சருகு குவிந்து, டயரில் காற்று இறங்கி நிற்கும் கார் எந்தத் தெருவில்தான் இல்லை? தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத்தையும் உயர்த்தினார்கள். பொதுவான விதிமீறலுக்கு முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500.

இருந்தும் உள் தெருவில் ஏன் எதுவும் நடப்பதில்லை? வழியை அடைப்பவர் முன்பின் தெரியாதவர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். நம் வீட்டு விசேஷத்துக்கு முறை செய்தவர், ராத்திரி நெஞ்சுவலி என்றால் இதே காரை எடுத்துக்கொண்டு ஓடிவருபவர். “ஏனுங்ண்ணா, வண்டியக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கறீங்களா?” என்று ஒரு முறை கேட்கலாம். இரண்டாம் முறை கேட்டால் அவர் மனசு சங்கடப்படும். மூன்றாம் முறை பேச்சே நின்றுபோகும். இவர்மேல் யார் போய் போலீஸில் புகார் கொடுப்பார்? அதனால் ஒவ்வொருவரும் தன் வாசலை மட்டும் காத்துக்கொள்கிறோம். ஜவுளிக்கடையோ நகைக்கடையோ விளம்பரத்துக்குக் கொடுத்த ‘நோ பார்க்கிங்’ பலகையைக் கேட்டில் மாட்டுகிறோம். தெருவோரம் இரண்டு கல்லையோ உடைந்த பூந்தொட்டியையோ வைத்து, வெளியே போன நம் கார் திரும்பி வரும்வரை இடம் பிடிக்கிறோம். கேட்டுக்கு முன்னால் இருக்கும் தெரு வீட்டோடு சேர்ந்தது என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது. பத்திரத்தில் எழுதிக் கொடுத்தது மூன்று சென்டோ ஐந்து சென்டோ, அது காம்பவுண்டுச் சுவரோடு முடிகிறது. அதற்கு வெளியே ஒரு அடி மண்கூட நமதில்லை, கார் இல்லாதவருக்கும் அதில் சம பங்கு.

வீடு கட்டும்போது வண்டி நிறுத்த இடம் விட வேண்டும் என்று தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், 2019 சொல்கின்றன. பிளானில் காட்டுகிறோம், அனுமதியும் வாங்குகிறோம். பிறகு அந்தப் போர்டிகோவுக்கு ஷட்டர் போட்டு டியூஷன் சென்டருக்கோ தையல் கடைக்கோ வாடகைக்கு விடுகிறோம். கார் வெளியே வந்துவிடுகிறது. வாடகை வீட்டுக்காரருக்கு, போர்டிகோவில் வீட்டு உரிமையாளர் வண்டி நிற்பதால், இடமே கிடைப்பதில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடத்தை வாடகையாக மாற்றிக்கொண்டவர் வேறு, இடமே இல்லாதவர் வேறு.

வண்டி நிறுத்தத் தனி இடம் கட்டிக்கொடுத்தால் மட்டும் போதுமா? ஆர்.எஸ்.புரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பிளேக் நோய் கோவையை வாட்டிய பிறகு, மக்கள் நெருக்கடியிலிருந்து விலகிக் காற்றோட்டமாக வாழட்டும் என்று அகலமான நேர்த் தெருக்களோடு உருவான பகுதி. நகராட்சித் தலைவராக இருந்த திவான் பகதூர் ரத்தினசபாபதி முதலியாரின் பெயர் பகுதிக்கும், அவருடைய பட்டம் டி.பி. சாலைக்கும் நிலைத்தன. அந்த டி.பி. சாலையில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 370 கார்கள் நிற்கும் பலமாடி வாகன நிறுத்தம் கட்டி 2022இல் திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பக்கத்துத் தெருவோரம் காசில்லாமல் இடம் கிடைக்கும்வரை ஒருவர் எதற்காகக் கட்டணம் கட்டி மாடிக்குப் போவார்? தெருவோர இடத்துக்கு விலை இல்லாதவரை எத்தனை மாடி கட்டினாலும் தெரு நிறைந்தேதான் இருக்கும்.

மற்ற ஊர்கள் என்ன செய்கின்றன? ஜப்பானில் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, வண்டி நிறுத்த இடம் இருப்பதற்குச் சான்று காட்டித்தான் கார் வாங்க முடியும். மிசோரமின் ஐஸால் நகரிலும் இதேபோன்ற விதி இருக்கிறது. மகாராஷ்டிர அரசு 2025இல் இதைக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. பெங்களூரு 2021இல் வகுத்த கொள்கை வேறு வழியைச் சொன்னது: வீட்டுத் தெருவில் கார் நிறுத்த ஆண்டு அனுமதிச் சீட்டு, சின்ன காருக்கு 1,000 ரூபாய், பெரிய காருக்கு 5,000 வரை.

இடச் சான்று புதுக் கார்களுக்குத்தான் உதவும். ஏற்கெனவே நிற்கும் கார்களுக்கு நம் ஊர் உள் தெருக்களில் அனுமதிச் சீட்டு முறைதான் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளைக் கோடு போட்டுக் கார்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் முழுவதும், சிலாப் சரிசெய்து, ராம்புகளைக் கேட்டுக்கு உள்ளே தள்ளி, நடப்பவர்களுக்கு. கோட்டுக்குள் இடம் வேண்டுபவர் ஆண்டுக்கொரு தொகை கட்டட்டும். அந்தப் பணம் அதே தெருவின் சிலாப்புக்கும் விளக்குக்கும் போகட்டும். போர்டிகோவை வாடகைக்கு விட்டவருக்குக் கட்டணம் கூடுதலாகவும் இருக்கலாம். இப்படிச் செய்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் முகம் சுளிக்க வேண்டிய வேலை நமக்கு இல்லை. கோடு யாருக்கும் அண்ணன் தம்பி இல்லை.

எந்தப் பக்கம் கார், எந்தப் பக்கம் ஆள் என்பதை மாநகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது. அந்தத் தெருக்காரர்கள்தான் சொல்ல முடியும். அதற்கென்றே கோவை மாநகராட்சியின் நூறு வார்டுகளிலும் பகுதி சபைகள் உண்டு. தெருவிளக்கும் குடிதண்ணீரும் பேசும் அந்தக் கூட்டத்தில், அடுத்த தடவை தெருவின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்சிலரிடம் இதைக் கேட்க வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் நிச்சயம் வருவார்கள். ஸ்கூல் வேனுக்கு நடக்கும் பாட்டியையும் வீட்டு வேலைக்கு வருபவர்களையும் நாம்தான் கூப்பிட்டுப் போக வேண்டும்.